பழைய வானுக்குள் ஒரு சைவ அடுப்பு

கூரையில் ஓட்டை வெட்டுவதற்கு முன் மனிதன் யோசிக்க வேண்டும். நானும் யோசித்தேன். ஒரு கிழமை யோசித்தேன். பிறகு நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற பழைய வெள்ளை வான் வண்டியில் ஏணி சாத்தி ஏறி, முருகா என்று சொல்லித் தகரத்தை அறுத்தேன். ஆவி போவதற்கென்று வாங்கி வைத்திருந்த காற்று மூடியைத் தூக்கி வைத்துப் பார்த்தால் ஓட்டை இரண்டு விரல் காணாது. பெரிதாக்கினேன். ஒரு பக்கம் கோணலாகப் போய்விட்டது. கோணலைத் திருத்தப் போய், மூடியே உள்ளே விழும் அளவுக்கு ஓட்டை வந்துவிட்டது. சுற்றிவரச் சட்டம் அடித்து, மிச்ச இடைவெளியெல்லாம் சிலிக்கோன் பசையை அப்பிவிட்டு இறங்கினேன். அடுத்த நாள் மழை தொடங்கியது. மூன்று நாள் விடவில்லை.

மனைவி குசினி யன்னலைத் திறந்து கேட்டாள்.

"இஞ்சருங்கோ, வானுக்குள்ள வாளி ஒண்டு வைக்கட்டோ?"

நக்கலாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே வாளியோடு நின்றாள். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

நான் பஸ் கழுவுகிற இடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பஸ்ஸின் சீற்றில் ஒட்டிய சுவிங்கத்தை எப்படி எடுப்பது என்று கேட்டால் சொல்வேன். தச்சு வேலையும் வயர் வேலையும் எனக்குச் சொந்தமில்லை. இந்த வயதில் ஏன் இந்தச் சோலியில் இறங்கினேன் என்றால், அதற்கு என் மகளும் அவளுடைய தாயும்தான் காரணம்.

மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது மனைவி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழும்பினால் மச்சம் தொடமாட்டேன், மீனும் இறைச்சியும் சமைத்த சட்டியில் ஒரு வாயும் சாப்பிடமாட்டேன் என்று. பத்தாம் நாள் பிள்ளை எழும்பிப் பால் கேட்டாள். அன்று தொடங்கி இன்றுவரை அவள் அந்த வாக்கை விடவில்லை. வீட்டில் நான் மீன் தின்ன ஆசைப்பட்டால் வெளியே போய்த்தான் தின்றுவிட்டு வரவேண்டும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு நோர்வேக்காரப் பொடியனைக் கட்டி, பேர்கனில் இருக்கிறாள். மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் சனிக்கிழமை விடிந்தால் தூண்டிலோடு கடலில் நிற்பார். அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மீன் நம்மைப் பார்க்கும். போன வருடம் ரயிலில் போய் மூன்று நாள் நின்றோம். மகள் தாய்க்கென்று புதுச் சட்டி, புதுக் கரண்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து மருமகன் அந்தப் புதுச் சட்டியிலேயே மீன் சூப்பைச் சூடாக்கி மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மனைவி வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் குளியலறை வாசலில் தலை சுற்றி இருந்துவிட்டாள்.

மகள் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"எனக்காக வைச்ச நேர்த்தி, எனக்காக வைச்ச நேர்த்தி எண்டு சின்ன வயசிலையிருந்து கேட்டுக்கொண்டு வாறன். நான் கேட்டனானோ அம்மா? என்ர வீட்டிலை பசியோட கிடக்கிறதுக்கெண்டால் இனி வராதேங்கோ."

திரும்பி வரும்போது ரயிலில் ஏழு மணித்தியாலம் மனைவி யன்னலைப் பார்த்தபடி வந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் எடுப்பாள். சுகமா, சுகம், அங்கை மழையா, ஓம் மழை. இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

நேர்த்தியை விடு என்று நான் சொல்லமாட்டேன். சாமிக்குக் கொடுத்த வாக்கில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பிள்ளை எனக்கும் பிள்ளைதானே. அப்படியென்றால் குசினிதான் பேர்கனுக்குப் போக வேண்டும். பார்சல் கொண்டு திரிந்த இந்த வானை வாங்கியது அதற்காகத்தான்.

வீடியோவில் பார்த்தால் எல்லாம் லேசு. ஒரு இளம் சோடி சிரித்துச் சிரித்துப் பலகை அடிக்கும். பத்து நிமிடத்தில் கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் வந்துவிடும். அவர்கள் பாணுக்குத்தான் வெண்ணெய் பூசப் போகிறார்கள். அவர்களில் ஒருவரும் புட்டு அவிக்கவில்லை. முதல் தடவை மனைவி வானுக்குள் புட்டு அவித்துப் பார்த்தபோது ஆவி முழுவதும் கூரையில் பிடித்து, நான் புதிதாக அடித்த பலகையால் வடிந்து, மெத்தையில் சொட்டியது. இரண்டாம் தடவை செத்தல் மிளகாய் தாளித்தாள். இருவரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். பக்கத்து வீட்டுக் கிழவர் தீயணைப்புக்கு அடிக்கட்டுமா என்று கேட்டார். கூரையில் ஓட்டை வெட்டியது இதனால்தான், ஆசைக்கல்ல.

அடுத்தது சாமித்தட்டு. அடுப்புக்கு எதிர்ப் பக்கத்தில் வடிவாக ஒரு தட்டு அடித்து முருகன் படத்தை வைத்தேன்.

"சாமி எந்தப் பக்கம் பாக்கிறார்?" என்றாள் மனைவி.

"கிழக்கு."

"வானைத் திருப்பினால்?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

"வான் எண்டால் திரும்பத்தானே வேணும். சாமிக்குத் தெரியாதே?" என்றேன்.

"சாமிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியேல்லை."

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுழற்றுகிற வட்டப் பலகை ஒன்றை வாங்கிவந்து, தட்டின் மேல் பூட்டி, அதில் படத்தை ஒட்டினேன். எங்கே நிறுத்தினாலும் கைபேசியில் திசை பார்த்துத் திருப்பிவிடலாம். மனைவி திருப்பிப் பார்த்தாள். ஓம், சரி என்றாள். ஒரு ஓம் வாங்க எனக்குப் பதினொரு கிழமை பிடித்தது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் பரிசோதனைக்கு நாள் எடுத்தேன். பார்சல் வானைக் குடியிருக்கிற வானாகப் பதிவதற்கு அதை வாகனப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். முதல் நாள் பின்னேரம் மனைவி சொன்னாள்:

"பால் காய்ச்சாமல் கொண்டுபோய்க் காட்டப் போறியளோ?"

"அது வீட்டுக்கு."

"இது என்னவாம்? கட்டில் கிடக்கு, அடுப்புக் கிடக்கு, சாமி கிடக்கு."

அவள் சொன்னது சரி. புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும். ஐயருக்குப் போன் எடுத்து நேரமும் கேட்டுவிட்டாள். காலை ஏழேகாலுக்கு நல்ல நேரம். நானும் முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வானுக்குள் ஏறினேன். சாமியைக் கிழக்கே திருப்பி, கற்பூரம் காட்டி, அடுப்பில் பாலை வைத்தோம். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது என்று அவள் பானையைக் கொஞ்சம் சரித்து வைத்தாள்.

இங்கேதான் நான் செய்த மடைத்தனம். இவ்வளவு நாளும் வான் மூக்கு வீட்டைப் பார்த்தபடி நின்றது. அப்படி நின்றிருந்தால் கிழக்குப் பக்கம் வெறும் யன்னல். காலையில் லேசாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று முதல் நாள் நானே வானைத் திருப்பி விட்டிருந்தேன். இப்போது கிழக்குப் பக்கத்தில் இருந்தது, வயர் மிச்சம் பிடிக்கலாம் என்று அடுப்பின் ஓரத்துக்குக் கீழே நான் பூட்டிய பியூஸ் பெட்டி. மூடியும் போடவில்லை. பால் பொங்கியது. வடிவாகப் பொங்கியது. மனைவி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பால் பலகை இடுக்கால் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். லைற் எல்லாம் நின்றது.

"நல்ல சகுனம்," என்றாள் கண்ணை மூடியபடி. சத்தத்தை அவள் கவனிக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் துடைத்தேன். தலைமயிர் உலர்த்தும் மெஷினால் காய வைத்தேன். ஒரு லைற்றும் எரியவில்லை. எடுத்த நாளை விடக்கூடாது என்று அப்படியே கொண்டுபோனேன். பரிசோதிக்க வந்தவர் ஒரு பெண். உள்ளே ஏறியதும் மூக்கைச் சுருக்கினார்.

"பால் மணக்கிறதே?"

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். புது வீடு என்றால் நாங்கள் பால் காய்ச்சுவோம், வழிய விடுவோம்.

"வேண்டுமென்றே?"

"வேண்டுமென்றேதான்."

பியூஸ் பெட்டியைக் குனிந்து பார்த்தார். அதில் பாலாடை படிந்திருந்தது. ஏதோ எழுதினார். பிறகு சாமித்தட்டை ஒரு விரலால் தள்ளினார். முருகன் மெதுவாகச் சுற்றி அவரைப் பார்த்தார். ஓட்டத்தில் இது கழன்று தலையில் அடிக்கும் என்றார். அதையும் எழுதினார். கூரை ஒழுக்கை நான் சொல்லவில்லை, அன்று வெயில். ஆனால் பலகையில் நீர் இறங்கிய கோடு இருந்தது, அதையும் கண்டுபிடித்தார். கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. திருத்திக்கொண்டு வாருங்கள் என்று தாளைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மேசையில் போட்டேன். இதோடு போதும், வானை விற்கப் போகிறேன் என்றேன். மனைவி எங்கோ பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"வித்துப்போடுங்கோ. நான் வாழைப்பழத்தோட போறன். பிள்ளை ஏசினால் ஏசட்டும். பாக்காமல் இருக்க ஏலாது."

அதற்குப் பிறகு என்னத்தை விற்பது? வேலைக்கு லீவு போட்டேன். பியூஸ் பெட்டியை மற்றப் பக்கத்துக்கு மாற்றி மூடி போட்டேன். சுழலும் பலகைக்கு ஒரு ஆணி செய்தேன். ஓடும்போது குத்திவிட்டால் அசையாது, நிறுத்தியதும் எடுக்கலாம். கூரை மூடியைக் கழற்றிப் பழைய பசை எல்லாம் சுரண்டி, வேலையிடத்தில் பஸ் கூரை திருத்துகிற ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து பூட்டுவித்தேன். அவர் இருபது நிமிடத்தில் முடித்தார். அந்த இருபது நிமிடத்தையும் நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த தடவை அதே பெண் வந்தார், தள்ளிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், சரி என்றார்.

மலை வழியால் பேர்கனுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் வீடு ஏற்றத்தில். வானை நிறுத்தினால் எல்லாம் சரிந்து நின்றது. ரயருக்குக் கீழே பலகை வைத்து மட்டம் பார்க்க அரை மணித்தியாலம் போனது. மழை வேறு. மனைவி அடுப்பை மூட்டிப் புட்டு அவித்தாள். ஆவி கூரையால் போனது. முதல் தடவையாக நான் செய்த ஒன்று செய்யச் சொன்னதைச் செய்தது.

மகள் குடை இல்லாமல் வந்து கதவைத் திறந்தாள். ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்தாள். சாமியை, சட்டியை, கட்டிலை. பிறகு தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன கறி?"

"கத்தரிக்காய்."

"போடுங்கோ. பசிக்குது."

மனைவி போட்டுக் கொடுத்தாள். தானும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாள். மகள் தாயின் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தானே கரண்டி எடுத்து அதில் இன்னும் கொஞ்சம் போட்டாள். தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஸ்குறூ ஒன்று இறுக்குவதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருமகன் வந்து மழைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

"கையைக் கழுவிப்போட்டு வரச்சொல்லு பிள்ளை," என்றாள் மனைவி. "வடிவாச் சவுக்காரம் போட்டு."

நாங்கள் நான்கு நாள் நின்றோம். எனக்குக் கட்டில் கிடைக்கவில்லை. முதல் நாளே மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்கள் உள்ளுக்கு சோபாவிலை படுங்கோ. நான் அம்மாவோட இஞ்சை." என் உயரத்துக்கு அளவெடுத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நான் செய்த கட்டில் அது. சோபாவோ என்னைவிட ஒரு முழம் கட்டை.

வெள்ளிக்கிழமை காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணிக்கு வானடிக்குப் போனேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. இரண்டு பேரும் கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தட்டினேன்.

"இப்ப இல்லை, பேந்து வாங்கோ அப்பா," என்றாள் மகள்.

திரும்பி வீட்டுக்குள் வந்தால் மருமகன் சந்தோஷமாக ஒரு கோப்பையை நீட்டினார். பாணுக்கு மேல் புகையில் வாட்டிய மீன். வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடுவதில்லை. பசிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, யன்னலடியில் இருந்து வானின் கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.