கவிழ்ந்து காட்டும் சோதனை

ஓரிடத்தில் அதிக நேரம் அசையாமல் இருக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். இருந்தால் பின்பக்கம் புண்ணாகிவிடும், கையை ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னவற்றில் நான் ஒழுங்காகக் கேட்டது இது ஒன்றைத்தான். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் நான் இருப்புக்கொள்ளாத ஆள். வாசல் படலைக்குப் போவேன், திரும்புவேன், மறுபடியும் போவேன். கருவாடு காயப்போடும் பெண்களிடம் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்பேன். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. அதை இன்னொருவரிடம் விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

நான் சங்கு குளித்தவன். எங்கள் ஊரான தாழ்வுபாட்டிலிருந்து படகில் போய், முதுகில் சிலிண்டரோடு இறங்குவது என் தொழில். ஒரு நாள், மெதுவாக மேலே வர வேண்டியவன் அவசரமாக வந்தேன். இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி முதுகுத்தண்டைப் பழுதாக்கிவிட்டன. கரை வந்து சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. எங்கள் கரையில் இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. அதனால் பார்க்க வந்தவர்கள் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டி வரவில்லை. உயிர் மிஞ்சியதே அந்தோனியார் புண்ணியம் என்று சொல்லி, ஆளுக்கொரு பிஸ்கட் பைக்கற்றை வைத்துவிட்டுப் போனார்கள். கால் போனவனுக்கு ஏன் பிஸ்கட் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று படகிலிருந்து என்னைத் தூக்கி மணலில் கிடத்தியதை என் மனைவி கரையில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் கடலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகைக் கொண்டுவந்தவர் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வரும் மிஸ். தலைமன்னார்ப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலையில் ஓடுகிறார்கள் அல்லவா, அங்கே சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார். கால் இயங்காதவர்கள் இருப்பதற்கு முதுகு சாய்க்க உயரமான ஆசனமும், இடுப்புக்கு ஒரு பட்டியும் பூட்டியிருந்தார். மீன்பெட்டியில் நாற்காலியை வைத்துக் கட்டியது போல இருக்கிறது என்றேன்.

“ஓம் அண்ணை, பெட்டிதான். ஏறப் போறியளோ, இல்லையோ?” என்றார்.

ஏறினேன். முதல் சில கிழமைகள் கயாக்கை என் மைத்துனனின் படகோடு கயிற்றால் கட்டித்தான் விட்டார்கள். அவன் என் மனைவியின் தம்பி. நான் துடுப்பைப் போடுவேன், கயிறு இறுகும், நின்றுவிடுவேன். ஆட்டைக் கட்டி மேய்க்கிற மாதிரிதான். கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு மனம் கொதித்தது. கயிறில்லாமல் போக வேண்டும், எவனுடைய கண்ணும் முதுகில் படாமல் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு இரவு பகலாக அரித்தது.

அதற்கு மிஸ் ஒரு சோதனை வைத்தார். வேண்டுமென்றே கவிழ வேண்டும். நீருக்குள்ளே பட்டியை நானே கழற்ற வேண்டும். நானே வெளியே வந்து கயாக்கைப் பிடிக்க வேண்டும். யாராவது தொட்டால் சோதனை தோல்வி.

மனைவியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். “தனியச் செய்து காட்டினா நான் மறிக்கமாட்டன். ஆனா உங்களை இன்னொருக்காத் தூக்கி மணலில கிடத்திறதை என்னால பார்க்கேலாது. அப்பிடி நடந்தா கடலை மறந்துபோடுங்கோ.”

வாடைக் காலம், எங்கள் பக்கத்துக் கடல் குளம் போலக் கிடந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் கவிழ்ந்தேன். பட்டி உடனே கழன்றது. மிதவைச் சட்டை என்னை மேலே இழுத்தது. வந்திருக்கலாம். ஆனால் கை தானாகவே ஆசனத்தைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தேன். மங்கலாக மணல், கொஞ்சம் கடற்புல். என்னை யாரும் பிடித்திருக்கவில்லை, தூக்கவில்லை, பார்க்கவில்லை. கால்கள் எல்லோருடைய கால்களையும் போலவே மிதந்தன. சங்கு குளித்தவனுக்கு மூச்சைப் பிடிக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியே இருந்தேன்.

மேலே கரை அல்லோலகல்லோலப்பட்டது எனக்குத் தெரியாது. ஒருவன் தலைமயிரைப் பிடித்தான், மற்றவன் சட்டையைப் பிடித்தான். வலையடியில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மணலில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். குடிக்காத தண்ணீர் எப்படி வெளியே வரும்? யாரோ ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கிவிட்டார்கள். நான் தலையை நிமிர்த்தி, செபத்தின் நடுவிலேயே, எழுத முடியாத வார்த்தைகளில் ஏசினேன்.

“செத்துப்போட்டியள் எண்டல்லோ நினைச்சம், அத்தான்,” என்றான் மைத்துனன்.

மிஸ்ஸுக்குக் கோபம். “அண்ணை, வெளியில வாறதுதான் சோதனை. உள்ளுக்கை இருக்கிறது இல்லை.”

மனைவி நான் கிடந்த மணலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் மனிதனாக இருக்கவில்லை. சோற்றில் உப்பில்லை என்றேன், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றேன். படலைக்கும் அடுப்படிக்கும் உருண்டு உருண்டு சிமெந்துத் தரையில் கறுப்புக் கோடு விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவனைக் கட்டிவைத்தால் அவன் என்ன சொல்வான்?

ஒரு மாலை, மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள். “உள்ளுக்கை என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்லை. சும்மா இருந்தனான்.”

கத்தி நின்றது. “சும்மா இருந்தனீங்களோ?”

“ஓம்.”

பத்து நிமிடம் ஒரு இடத்தில் தரிக்காத மனிதனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள் அவள். என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மீனைக் கழுவிச் சட்டியில் போட்டாள். “மிஸ்ஸைத் திரும்ப வரச் சொல்லுங்கோ. நானும் தண்ணிக்கை இறங்கி நிக்கிறன். ஒருத்தரையும் கிட்ட விடமாட்டன்.”

அவளுக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பெண்கள் பலரைப் போல, கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேலே நனைந்தவளல்ல. மறு சோதனையன்று பாவாடையோடு இடுப்பளவுக்கு இறங்கி, கரைக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். தம்பியைத் திரும்பிப் பார்த்து, “நான் சொல்லும் மட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது,” என்றாள்.

கவிழ்ந்தேன். பட்டியைக் கழற்றினேன். போன முறை போலவே கை ஆசனத்தைப் பிடித்துக்கொண்டது. அதே மணல், அதே அமைதி. இனி யாரும் வரமாட்டார்கள். விரும்பிய மட்டும் இருக்கலாம்.

அப்போது அவளுடைய பாதங்களைக் கண்டேன். வலது கால் என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தது. பின்னுக்குப் போனது. மறுபடி வைத்தது, மறுபடி பின்னுக்குப் போனது. பிறகு இரண்டு கால்களும் ஓரிடத்தில் நின்று, விரல்களால் மணலை இறுகப் பற்றிக்கொண்டன.

எனக்கு மூச்சு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஆசனத்தை விட்டுவிட்டு மேலே வந்தேன்.