மூன்றாம் தசமத்துக்கு அப்பால்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு எல்லையக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். ஒரு மின்நிலையத்தால் மண்ணுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கேடு என்று கணக்குப் போடுவது எங்கள் பிழைப்பு. எந்தக் கூட்டமானாலும் அவள் முதலில் கேட்பது, "எல்லை எங்க?" என்றுதான். அதாவது, எதிலிருந்து எதுவரை கணக்கில் சேர்ப்பது என்று.

பூமிக்கடியில் உள்ள சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் வந்து, "புகையே இல்லீங்க, சுத்தமான சமாச்சாரம்" என்று அளப்பார்கள். அவள் கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்காமலே கேட்பாள்: "கெணறு தோண்ட எரிச்ச டீசல்? உள்ள எறக்கின இரும்புக் குழாய்? முப்பது வருஷம் கழிச்சு மூடறப்ப ஊத்தற சிமெண்டு? இதெல்லாம் உங்க மாமனார் வீட்டுல குடுத்தாங்களா?" வந்தவர்கள் கொண்டுவந்த தாள்களைத் திரும்பப் பைக்குள் வைப்பார்கள். அந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே காட்சி அது.

அவளுடைய தம்பி அப்படியொரு நிலையத்தில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். பெற்றோர் போனபிறகு அவளே வளர்த்த பிள்ளை. விடுப்பு கிடைத்தால் நேரே எங்கள் அலுவலகத்துக்கு வருவான். கூடவே அழுகிய முட்டை வாடையும் வரும். கிணற்றில் கசியும் வாயு சட்டையில் ஏறியிருக்கும்.

"வாசல்லயே நில்லுடா, குடலைப் பொரட்டுது" என்பாள்.

அவன் சிரிப்பான். "வாடை அடிச்சா நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம்கா."

அந்த வாயுவின் குணம் பொல்லாதது. கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாறும். அளவு மீறினால் மூக்கு மரத்துவிடும். வாயுவே நின்றுவிட்டது போலத் தோன்றும். இதை அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், வாயுவைக் காட்டும் கருவியும் கொடுத்திருந்தார்கள். "எம் மூக்கை விடவா?" என்று அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போகிற ஆள் அவன். ஒரு நாள் கிணற்றடிக் குழியில் வால்வு கசிந்தது. ஓரத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டு, "வாடை நின்னுடுச்சு, எறங்கி மூடிட்டு வந்துடறேன்" என்று கூட்டாளியிடம் சொல்லி இறங்கினான். ஏறவில்லை. இழவு வீட்டில் அந்தக் கூட்டாளி இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு அதே நிலையத்தின் ஆய்வு எங்களிடம் வந்தது. மேலாளர் நல்ல மனிதர்தான். "வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்மா" என்றார்.

"வேண்டாம் சார். நானே போடறேன். அவனையும் சேர்த்து."

"வேலையில ஆகற விபத்து எல்லைக்கு வெளியதானேம்மா? நீயே போட்ட எல்லை."

"இப்ப அந்த எல்லையை அகலமாப் போடறேன் சார்."

அவர் மறுக்கவில்லை. மனித உடல்நலத்துக்கு ஆகும் கேட்டை, இழந்த ஆயுளைக் கொண்டு அளப்பது எங்கள் முறை. அவன் வாழ்ந்திருக்க வேண்டிய நாற்பது வருடத்தை, அந்த நிலையம் தன் காலமெல்லாம் தரப்போகும் மின்சாரத்தால் வகுத்தாள். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விடை வரவேண்டும். திரையில் 0.000 என்று வந்தது.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். குழாய்க்கு ஓர் எண் இருந்தது, சிமெண்டுக்கு ஓர் எண் இருந்தது. இவனுக்கு வெறும் சுழியம். கணக்கில் பிழையில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் தசம இடங்களைக் கூட்டிக்கொண்டே போனாள். சுழியத்துக்குப் பின் சுழியமாக வந்து, ஒன்பதாவது இடத்தில் ஒரு நாலு எட்டிப்பார்த்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

அறிக்கையைப் புரட்டிய மேலாளர் அந்த எண் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். "மூணு தசமம்தானேம்மா வழக்கம்? இது மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?"

"மூணோட நிறுத்தினா அவன் இல்ல சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அறிக்கை அப்படியே போனது. படிக்கிறவர்கள் அதை அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள்.