ராமாயியைக் கேட்காமல் ஒரு 'ஓகே'

உங்களிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்பவர், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், "சரி" என்று பதில் சொல்லிவிட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

ஒருமுறை என்றால் போகட்டும் என்று விடலாம். புதுச்சத்திரம் ராமாயிக்கு அது சின்ன வயதிலிருந்தே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே அவளுக்கு அம்மை போட்டது. கண் சிவந்து சீழ் கட்டியபோது நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பஸ் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. "ஆத்தா ஊட்டுக்கு வந்திருக்கறப்ப ஊசி மருந்தெல்லாம் ஆகாது" என்று தெரு கூடி முடிவு செய்தது. வேப்பிலையை விரித்துப் படுக்கவைத்து, கண்ணில் ஏதோ இலைச்சாற்றைப் பிழிந்தார்கள். அம்மை இறங்கியது. பார்வை திரும்பவில்லை. தெய்வத்தின் பெயரால் மனிதர்கள் செய்த வேலை அது. இன்றுவரை அதற்காக அந்தத் தெருவில் ஒருவர்கூட வெட்கப்பட்டதில்லை.

பிறகு உதவித்தொகைக்குப் போனால் அலுவலகத்தில் அம்மாவைப் பார்த்து, "இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்கள். இது! சேலத்தில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, கல்லூரியில் வரலாறு முடித்த பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

கல்லூரியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. விடுதித் தோழி ஒருத்தி அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். திரையில் வருவதையெல்லாம் மூக்கடைத்த குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் காசில்லாமல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று ராமாயியிடமே கேட்டது: இதைச் சேமிக்கட்டுமா? இதை அழிக்கட்டுமா? அவள்தான் பதில் சொன்னாள்.

அந்த லேப்டாப்பில்தான் அவள் பாடம் பேசிப் பதிவு செய்யத் தொடங்கினாள். அரசுப் பணித் தேர்வு எழுதும் பார்வையற்றவர்களுக்குக் கேட்டுப் படிக்கிற மாதிரி நல்ல தமிழ்ப் பாடம் கிடைப்பதில்லை. ஆத்தூரிலிருந்தும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் அவள் குரலைக் கேட்டுப் படித்தார்கள். பாடத்திட்டம் மாறியதும் பழையதையெல்லாம் தள்ளிவிட்டு, முதலிலிருந்து புதிதாகப் பேசி முடித்திருந்தாள். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. வேறு பிரதியும் எடுத்துவைக்கவில்லை. அது அவள் தவறுதான். தேர்வு நெருங்கிவிட்டது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. தம்பி கந்தன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவன். வண்டிச் சாவி, ஸ்பேனர், அரிவாள்மணை எல்லாவற்றோடும் ராமாயியின் லேப்டாப்பையும் எடுத்து வைத்தாள் கந்தன் மனைவி சித்ரா. பிரியமாகத்தான் வைத்தாள். அதில் தெரிந்த ஓட்டைக்கெல்லாம் குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். மஞ்சள் தண்ணீரை மேலே தெளித்தாள். மறுநாள் அது பேசவில்லை.

திரை எப்போதோ உடைந்துபோயிருந்தது. ராமாயிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லாததால் மாற்றாமலே விட்டிருந்தாள். இப்போது கண்ணுள்ளவர்களுக்குத் திரை இல்லை, அவளுக்குக் குரல் இல்லை. ஹெட்போன் துளையிலும் பென்டிரைவ் துளைகளிலும் சந்தனம் கெட்டித்துப் போயிருந்தது. உள்ளே அத்தனை பாடமும் இருக்கிறது, யாராலும் தொட முடியாது.

புதிதாக ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கி, பேசும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, தம்பியோடு நாமக்கல்லில் குமரகுருவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். பழையதிலிருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பெட்டியில் போட்டு, ஒயர் வழியாகப் புதியதில் மாட்டினால் போதும் என்றான் குமரகுரு. அதைக் கந்தனிடம் சொன்னான்.

"ஏனுங்ணா, அக்காவுக்கு அதுல என்ன வேணுங்களாமா?"

"எங்கிட்டயே கேளுங்க," என்றாள் ராமாயி. "எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

குமரகுரு சிரித்தான். "கோச்சுக்காதீங்கக்கா. அஞ்சு நிமிச வேலைதான். அண்ணா, அக்காவுக்கு டீ சொல்லட்டுங்களா?"

"பாத்தியாடா கந்தா, மறுபடியும் உன்னையத்தான் கேக்குறாரு."

"சும்மா இருக்கா. எனக்கு மத்தியானம் வண்டி ஏறோணும்," என்றான் கந்தன்.

டீ டம்ளர் மேசைக்கு வந்தது. திருப்புளி உரசும் சத்தம் கேட்டது. மூடி கழன்று மேசையில் விழுந்தது. புதிய லேப்டாப்பைத் திறந்ததும், அதிலிருக்கும் பேசும் மென்பொருளின் பெண்குரல் பேச ஆரம்பித்தது. இரண்டு வரி பேசியிருக்கும், சட்டென்று நின்றது.

"ஏன் நின்னுபோச்சு?"

"நாந்தானுங்கக்கா ஆஃப் பண்ணுனேன். தொணதொணன்னு பேசுது, வேல ஓடமாட்டீங்குது."

நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒருவர் வந்து உங்கள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, "இடைஞ்சலா இருந்துச்சு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ராமாயி வாயைத் திறப்பதற்குள் ஒயர் மாட்டும் சத்தம் கேட்டது. லேப்டாப் 'டிங்' என்றது.

"ஏதோ கேக்குது," என்றான் கந்தன்.

"அது எல்லாத்துக்கும் கேக்குமுங்ணா. ஓகே குடுத்துட்டே போக வேண்டியதுதான்." மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை.

இந்த முறை வந்தது 'டங்' என்ற கனத்த ஒலி. எச்சரிக்கை வந்தால் மட்டும் எழும் ஒலி அது. திரையைப் பார்க்கிறவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. ராமாயி மேசையைத் துழாவி, கையில் அகப்பட்ட ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். டீ கவிழ்ந்தது.

"அய்யோ அக்கா! அப்படிப் புடுங்கக் கூடாதுங்க!"

"என்ன கேட்டுச்சு? வரி வரியாச் சொல்லு."

குமரகுருவின் குரல் இறங்கியது. "மொதல்ல... இந்த டிஸ்க்கு படிக்க முடியல, ஃபார்மேட் பண்ணட்டுமானு கேட்டுச்சுங்க. பண்ணுன்னேன். பொறவு ஸ்டார்ட் குடுத்தேன். உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும், ஓகேவானு கேட்டுச்சு."

"ஓகே குடுத்தியா?"

"மவுஸு அதுமேலதான் இருந்துச்சுங்க. அமுத்தினனா இல்லியானு... கை பழக்கத்துல போவுமுங்க. தெரியலீங்கக்கா."

மேசை விளிம்பிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

டிஸ்க் கெட்டுப்போயிருக்கவில்லை. லினக்ஸ் எழுதும் முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக "அழித்துவிடட்டுமா?" என்று அது கேட்கிறது. ராமாயியைப் புரியாத இந்த ஊரும் ஆளே இல்லாததுபோல் அவளை அப்படித்தானே அழித்தது?

"என்னையே செய்ய உட்டுருக்கோணும்," என்றாள் அவள். கத்தவில்லை. "பென்டிரைவ்ல லினக்ஸ் ஏத்திக் குடுக்க முடியுமா? அதுலயே இந்தப் புது லேப்டாப்பைத் தொறந்தா டிஸ்க்கைப் படிக்கும்."

"முடியுமுங்க. எறக்கோணும். நேரமாவும்."

"ஆகட்டும்."

"அக்கா, எனக்கு வண்டி..." என்று இழுத்தான் கந்தன்.

"நீ போ சாமி. எனக்கு பஸ் ஏறத் தெரியும்."

அவன் போகவில்லை. போன் செய்து யாரிடமோ, "வேற டிரைவரப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

லினக்ஸ் இறங்கும்வரை ராமாயி கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தாள். ஜலகண்டாபுரத்திலிருந்து போன் வந்தது. அங்கே தறிக்காரர் மகன் இளஞ்செழியன், அவளிடம் படிக்கிறவன். "பாடம் எப்பங்கக்கா வரும்?" என்று கேட்டான். "வரும்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பொறவு பேசறேன் சாமி" என்று வைத்துவிட்டாள்.

பென்டிரைவைச் செருகிப் புதிய லேப்டாப்பை அதிலிருந்தே தொடங்கியதும் குமரகுரு மவுஸைத் தொடாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "நீங்களே உக்காருங்கக்கா." ராமாயி உட்கார்ந்து, குரலை எழுப்பும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். அந்தப் பழைய மூக்கடைத்த குரல் பேசியது.

"டிஸ்க்கு ஒயரை மாட்டுங்க," என்றாள்.

குரல் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்பு விசையைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். பிறகு, குரல் நிதானமாகச் சொன்னது: "பாடங்கள்." உள்ளே போனாள். வரலாறு. அரசியலமைப்பு. புவியியல். ஒன்றைத் திறந்தாள். "வணக்கம் பிள்ளைகளே" என்று அவள் குரலே கடைக்குள் ஒலித்தது. அந்தக் கடைசி ஓகே விழும் முன்பே அவள் ஒயரைப் பிடுங்கியிருந்தாள்.

கந்தன் மூக்கை உறிஞ்சினான். குமரகுரு, "மன்னிச்சுக்குங்கக்கா," என்றான். இந்த முறை அவளிடமே சொன்னான்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். விண்டோஸ்ல படிக்கிற மாதிரி ஒரு டிஸ்க்கு குடுங்க. காப்பி பண்ணோணும். ரெண்டு டிஸ்க்காவே குடுங்க."

ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்ததைக் காதால் கேட்டு, விண்டோஸுக்கு மாறி அங்கேயும் திறந்து பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள். கடை வாசலிலேயே நின்று இளஞ்செழியனுக்கு முதல் பாடத்தை அனுப்பினாள்.

குமரகுரு கெட்டவன் இல்லை. வேப்பிலை விரித்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. கேட்காமலே முடிவு செய்யும் நல்லவர்கள் அவர்கள். அவர்கள் கையால்தான் ஒரு பெண்ணின் கண்ணும் போனது, உழைப்பும் போகப் பார்த்தது.

நீங்களும் யாருக்காவது போனிலோ கம்ப்யூட்டரிலோ உதவி செய்கிறவர்தான். அடுத்தமுறை அதில் ஒரு கேள்வி வந்தால் கையை எடுங்கள். அதை உரக்க வாசியுங்கள். அது யாருடைய பொருளோ அவரிடம் கேளுங்கள். அவர் வாய் திறந்து பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.