அக்காவின் கடிதத்தில் மூன்றில் ஒரு பங்கு

நான் நாலாம் ஃபாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருடம், புளி உடைத்த கொட்டையைக் குப்பையில் போட அம்மாவை விடவில்லை. எல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, வார்த்தைக்கு ஒரு கொட்டை வீதம் தரையில் வைப்பேன். மொத்தத்தையும் மூன்று குவியலாகப் பிரித்து, ஒரு குவியலை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொள்வேன். மற்ற இரண்டும் தள்ளுபடி. ஒரு வார்த்தை எழுதினால் ஒரு கொட்டையைத் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். கொட்டை தீர்வதற்குள் பத்தியின் சங்கதி முழுவதும் தாளில் வந்துவிட வேண்டும். இதற்குச் சுருக்கி வரைதல் என்று பெயர். தமிழ் இரண்டாம் தாளில் அதற்குப் பதினைந்து மார்க்கு.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் அந்தப் பதினைந்துக்கு நான் வாங்கியது பூஜ்யம். நேர்மையான ஓர் உழவனைப் பற்றிய பத்தி அது. கொடுத்த பத்தியைவிட என் சுருக்கம் பதினோரு வார்த்தை கூடுதலாக இருந்தது. உழவனை எனக்குப் பிடித்துப்போனதால் அவனுக்கு ஒரு மகளையும் ஒரு எருமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். தமிழ் சார் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"நெல்லைக் கொண்டு வாட்டின்னா வைக்கோலையும் சேத்துக் கெட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் விரல் இடுக்கில் பென்சிலை வைத்து அழுத்தினார். அன்று என்னால் சோறு பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டாள்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். மார்க்குச் சீட்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் பேசியதுதான். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொல்லப் பரீட்சையிலயும் இப்படின்னா படிச்சது போதும், கேட்டியா" என்றார். வருடக் கடைசிப் பரீட்சைக்கு எங்கள் பக்கத்தில் அப்போது கொல்லப் பரீட்சை என்றுதான் பெயர். கொல்லம் ஆண்டை வைத்து வந்த பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த வார்த்தையில் எனக்குக் கொல்வது மட்டும்தான் காதில் விழும்.

அப்பா சொன்னால் செய்வார் என்பதற்குச் சாட்சி என் அக்கா. அவள் மூன்றாம் ஃபாரத்தில் கணக்கில் தோற்றாள். அடுத்த நாள் அவளுடைய புத்தகங்கள் என் பைக்கு வந்தன. ஒன்றிரண்டு வருடத்தில் குழித்துறையில் மிளகு, ஏலம் என்று மலஞ்சரக்கு வியாபாரம் செய்கிற குடும்பத்தில் அவளைக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று அவள் அழுததைவிடப் புத்தகத்தை என்னிடம் தந்த அன்றுதான் அதிகம் அழுதாள். எனக்கும் மேலத்தெருவில் அத்தைமகன் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு தயாராக இருந்தான். அக்காவைப் போல் ஆகிவிடுவேனோ என்பதுதான் என் பயமெல்லாம். காலையில் கண் விழித்ததும் அது வந்து வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். பழையதைக் குடித்தாலும் போகாது.

ஆகவே சார் சொன்ன விதிகளை மந்திரம் மாதிரி உருப்போட்டேன். உதாரணத்தை விட்டுவிடு. உவமையை விட்டுவிடு. அவரவர் ஆசையும் அலுப்பும் சாரத்தில் சேராது. முக்கியமாக, ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்லாதே. ஒரே விஷயம் மூன்று இடத்தில் வந்தால் அது அலங்காரம், அடித்துவிடு. மாசி மாதம் முடிவதற்குள் பாடப்புத்தகத்தில் சுருக்காத பத்தி ஒன்றுகூட மீதமில்லை. எங்கள் வீட்டில் அச்சடித்த வேறு சாமான் பஞ்சாங்கம் மட்டும்தான். அதையும் சுருக்கிப் பார்த்தேன். ராகுகாலத்தில் எதை விடுவது என்று தெரியவில்லை.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கையில் அக்காவின் கடிதம் வந்தது.

ராஜா காலத்து அஞ்சல் ஆபீஸ் என்ற பெயர் போய்த் தபால் ஆபீஸ் என்றாகியிருந்த சமயம். மாதம் ஒரு கடிதம் அக்காவிடமிருந்து வரும். மருமகள் எழுதியதை மாமனார் வாசித்துப் பார்த்து, அவரே உறைக்குப் பசை தடவி ஒட்டித் தபாலில் சேர்ப்பார். அதில் யாருக்கும் குறை கிடையாது, எல்லா வீட்டிலும் அப்படித்தான். இங்கே அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பாவோ, பெண்பிள்ளைகள் எழுதுவதை வாசிப்பது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று நினைக்கிறவர். அதனால் வாசிக்கிற வேலை எனக்கு. ஒரு தடவை வாசித்தால் அம்மாவுக்குப் போதாது. முதல் தடவை நின்றுகொண்டு கேட்பாள், இரண்டாம் தடவை உட்கார்ந்து அழுவாள், மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பாள். ஒரு கடிதத்துக்கு ஒரு பகல் போய்விடும்.

அன்று அப்பா களத்தில் இருந்தார், அறுவடை மும்முரம். அம்மா பின்னால் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். உறையைப் பிரித்ததும் எனக்குத் தோன்றியது, இதைச் சுருக்கினால் என்ன? இதுவரை யாரும் சுருக்காத புத்தம்புது உரைநடை கையில் இருக்கிறது. கொட்டைகளைப் பரப்பினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. எனக்கு நூற்று நாலு.

நலம் விசாரிப்பையெல்லாம் முதலில் கழித்தேன். மாமனாருக்கு இருமல் குறைந்தது, மாமியார் திருவட்டாறு போய் வந்தது, அத்தான் நல்லமிளகு கொள்முதலுக்கு மலைக்குப் போயிருப்பது, இவை சாரம். ஆற்றில் தண்ணீர் வற்றியதும் சாரம்தான். அதனால் ஏழெட்டுப் படி கூடுதலாக இறங்கிக் குடம் நிறைக்க வேண்டியிருக்கிறது, ஏறும்போது இடுப்பைப் பிடிக்கிறது, முந்தாநாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அது அலுப்பு. அடித்தேன்.

மீதி முழுக்க உளுந்தங்கஞ்சி. கடிதத்தின் தொடக்கத்திலேயே, "அம்மா, உன் கையால் உளுந்தங்கஞ்சி குடிக்க ஆசையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். நடுவில் இடுப்பைப் பற்றிச் சொன்ன இடத்தில், ஒரு வாய் உளுந்தங்கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று மறுபடியும் வந்தது. கடைசியில் கையெழுத்துக்கு மேலே, இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் கறுத்த உளுந்து கொடுத்துவிடு, நீயே கொண்டுவந்தால் இன்னும் சந்தோஷம் என்று மூன்றாம் தடவையும். உளுந்தங்கஞ்சியை யாராவது ஆசைப்பட்டுக் குடிப்பார்களா? நான் பெரியவளானபோது இடுப்புக்குப் பலம் என்று சொல்லிப் பதினாறு நாள் அம்மா என் வாயில் ஊற்றிய கஞ்சி அது. ஒரே விஷயம், மூன்று இடம். விதி தெளிவாக இருந்தது. உளுந்தை வேரோடு பிடுங்கினேன்.

எழுதி முடித்தபோது ஒரு கொட்டை மிச்சம். அந்த வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அந்தச் சூட்டோடு பின்கட்டுக்குப் போய், கடிதத்தை வெளிப்பக்கமாகப் பிடித்து, என் தாளை அதற்கு உள்பக்கம் மறைத்துக்கொண்டு அம்மாவுக்கு வாசித்தேன். அவள் நெல்லைக் கிளறியபடியே கேட்டாள்.

"இம்புட்டுத்தானா மக்கா?"

"ஆமா."

"கனமா இருக்கே. நாலு தாளுல்லா?"

"அக்கா பெரிய பெரிய எழுத்தா எழுதியிருக்கா."

"வேற ஒண்ணும் கேக்கல்லியா? சும்மா எழுதமாட்டாளே அவ."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முழுக் கடிதத்தையும் மூன்று தடவை வாசிக்க வேண்டும், பகல் போய்விடும், பரீட்சைக்கு மூன்றே நாள். என் விரல் இடுக்கு தானாக வலித்தது. "ஒண்ணும் கேக்கல்ல. சௌக்கியமாத்தான் இருக்கா" என்றேன்.

"கொள்ளாம். சௌக்கியமா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்புக்கு ஓலை தள்ளினாள்.

பரீட்சைக்குத் தாவணி முந்தியில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு போனேன். பெஞ்சில் அதை நகர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு கொட்டை உருண்டு மேற்பார்வைக்கு வந்த சாரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். அதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பத்தி ஏதோ காட்டு வளத்தைப் பற்றியது. காட்டில் இருந்த அத்தனை மானையும் மயிலையும் ஈவிரக்கமில்லாமல் விரட்டினேன்.

பரீட்சை முடிந்த நாலாம் நாள் குழித்துறையிலிருந்து ஓர் ஆள் வந்தார். அப்பாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவித்த நெல்லை அப்படியே விட்டுவிட்டு அம்மா சேலை மாற்றினாள். இருவரும் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. வெறும் வீட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன். பரீட்சை முடிந்த பிறகும் வயிற்றில் அந்தப் பயம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது. இப்போது எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

அக்காவை வில்வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு மூன்று மாதக் கரு ஆற்றுப் படிக்கட்டிலேயே கலைந்துபோயிருந்தது. இதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றுவலி என்றார்கள், நம்பினேன். மாமனார் வாசித்து ஒட்டுகிற கடிதத்தில், உண்டாகியிருக்கிறேன், உடம்புக்கு முடியவில்லை, வந்து கூட்டிப்போ என்று ஒரு மருமகள் எப்படி எழுதுவாள்? அவள் எழுத முடிந்தது உளுந்து ஒன்றுதான்.

மறுநாள் அக்கா தூங்கும்போது அம்மா என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டாள். அவள் கையில் அந்தக் கடிதம் இருந்தது. பக்கத்தில் மாட்டை விரட்டுகிற கம்பு சாய்த்து வைத்திருந்தது.

"இப்ப எழுத்து எழுத்தா வாசி மக்கா. ஒண்ணையும் விடாத."

வாசித்தேன். முதல் உளுந்து வந்தபோது அம்மா சுண்டுவிரலை மடக்கினாள். படிக்கட்டில் உட்கார்ந்த இடத்தில் நிறுத்தினேன். "வாசி" என்றாள். இரண்டாம் விரல். கடைசித் தாளில் மூன்றாவது. வாசித்து முடித்து, கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மொகத்தக் கழுவிக்கிட்டுப் போ. அக்கா பாப்பா" என்றாள். தப்பித்தேன் என்று கிணற்றடிக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு அம்மா உளுந்தங்கஞ்சி ஊட்டினாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு அக்கா கேட்டாள்.

"எம்மா, நான் எழுதின கடிதாசி வந்துதுல்லா?"

"வந்துது மக்கா."

"மூணு எடத்துல எழுதியிருந்தேனே."

என் கையில் விசிறி நின்றுவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "இவ ஒண்ணு விடாம வாசிச்சா. எனக்குத்தான் மனசிலாகாமப் போச்சு. பாவி நான்" என்றாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மீதிக் கஞ்சியை அம்மா மூடி வைத்தாள். அம்மாவுக்கு ஏன் இப்படி மறந்துபோகிறது என்று நான் நினைத்தேன். நானாகப் போய் ஞாபகப்படுத்துவானேன் என்றும் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தமிழ் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், சுருக்கி வரைதலில் பதினைந்துக்குப் பதின்மூன்று, வகுப்பில் நான்தான் முதல். அப்பாவிடம்கூடச் சொல்லாமல் நேரே அக்காவிடம் ஓடினேன். அவள் அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். என் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"கொள்ளாமே. பூஜ்யம் வாங்கினவ பதிமூணா? எப்படிட்டி பழகினே?"

நான் சிரட்டையைக் கொண்டுவந்து புளியங்கொட்டைகளை அவள் முன்னால் கொட்டினேன். மூன்று குவியலாகப் பிரித்தேன். இரண்டைத் தள்ளிவிட வேண்டும் என்றேன். அது சரி, எதை வைத்துப் பழகினாய், புத்தகம் முழுக்கத்தான் முடிந்துபோயிருக்குமே என்று அக்கா கேட்டாள். பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். காட்டியாயிற்று என்றேன். "இன்னொரு தரம் காட்டு" என்று வெளியே வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பிள்ளை முதல் மார்க்கு வாங்கி வந்திருக்கிறது, அதைச் சொந்த அக்காவிடம் முழுசாகச் சொல்லக்கூட விடமாட்டாளா என்று எனக்கு அம்மாமேல் வந்த கோபம் அந்த வாரம் முழுக்கத் தணியவில்லை.