சொல்லாமல் வந்த வீடு

அறுபத்தேழு வயதில் நான் டச்சு படித்ததற்குக் காரணம் ஒரு சாவு வீடு.

லண்டனில் டச்சு பேசுகிற ஒல்லாந்தருக்கென்று ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. ஏழு வருடமாக அதைக் கூட்டித் துடைப்பதும், ஆராதனை முடியக் கோப்பி ஊற்றுவதும் நான்தான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. என் மனுசன் பாலேந்திரா கண்ணை மூடிப் பதினொரு வருடம். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற என் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். எட்மண்டனில் இருக்கிற மகள் கௌசி, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுவாள்.

அந்தத் தேவாலயத்தில் என்னோடு ஒட்டின ஒரே மனுசி வில்லெமின். வயது எண்பது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டின்னை மூடுகிற சனம் அது. நான் அவளுக்கு மட்டும் இரண்டு வைப்பேன், கண்ணடிப்பாள். எல்லாரும் போன பிறகு இருவரும் கோப்பை கழுவியபடி, அரைகுறை ஆங்கிலத்தில் மற்றவர்களைத் திட்டுவோம். கிழமைக்கு ஒரு ஞாயிறு, அந்த அரை மணித்தியாலம்தான் நான் வாய் திறப்பது.

தை மாதம் அவளுடைய புருசன் செத்துப்போனார். அடக்கம் முடிந்து அவள் வீட்டில் கோப்பி கொடுத்தார்கள். நான் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி ஒருவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டேன். சாவு வீட்டில் யாராவது "போயிட்டு வாறன்" என்பார்களா? இன்னொரு சாவுக்கு வருவேன் என்றல்லவா ஆகிவிடும்!

அடுத்த ஞாயிறு வில்லெமின் கோப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். கடைசியில் போதகர்தான் காரணம் சொன்னார். மற்றவர்கள் வாசலில் கைபிடித்துச் சொல்லிவிட்டுப் போக, நான் மட்டும் கள்ளியைப் போல் நழுவிவிட்டேனாம்.

என் ஆங்கிலத்தில் விளக்கப் போனால் "சொறி, சொறி" என்பதோடு முடிந்துவிடும். அவளுக்கும் இப்போது வீட்டில் டச்சு பேச ஆளில்லை. அவளுடைய பாஷையிலேயே சொல்வதென்று முடிவெடுத்தேன். எனக்கு எழுத்து ஆகாது. போதகர் எட்டு வசனத்தை என் ஃபோனில் பேசிப் பதிந்து தந்தார். தொண்டையில் மீன்முள் சிக்கினதுபோல் காறவேண்டிய பாஷை அது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் எழும்பி வேறு சீட்டுக்குப் போனான்.

"அம்மா, உங்களுக்கு இங்கிலிஷே ஒழுங்கா வராது. டச்சு ஏன்?" என்றாள் கௌசி.

"உனக்குத் தமிழே ஒழுங்கா வராது. நான் ஏனெண்டு கேட்டனானே?"

சித்திரையில் ஒரு ஞாயிறு, வில்லெமின் கோப்பை வைக்க வந்தபோது குழாயை மூடிவிட்டு எட்டு வசனத்தையும் சொல்லி முடித்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து சொல்லாமல்தான் போவோம், அதுதான் மரியாதை என்று. அவள் இரண்டு சொல்லைத் திருத்தினாள். பிறகு துணியை எடுத்துக் கோப்பை துடைக்கத் தொடங்கினாள்.

அந்தப் புதன்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்மஸுக்குப் பிறகு என் கதவைத் தட்டின முதல் ஆள். நான் பொரித்து வைத்த ரோல்ஸ் தின்று, உறைப்பில் மூக்கைச் சிந்தி, சுவரில் மாலையும் சின்ன லைட்டும் போட்ட என் மனுசனின் படத்தைக் கனநேரம் பார்த்தாள். நான் இரண்டாவது தரம் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால், அவள் இருந்த கதிரை காலி. ஆள் சொல்லாமல் போய்விட்டாள்.

என்ன பிழை விட்டேனோ என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். என் மனுசனின் படம் கண்ணில் பட்டபிறகுதான் விளங்கியது. அடக்கம் நடக்கிற நாளில் மட்டும்தான் அப்படி என்று நான் சொல்லவில்லை. என் வீட்டையும் சாவு வீடென்றே எடுத்துவிட்டாள். அவள் நினைத்தது முழுப்பிழை என்றும் சொல்ல ஏலாது.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

"ஏய் வில்லெமின்! சொல்லிப்போட்டுப் போ!"

தமிழ் அவளுக்கு எங்கே விளங்கும்? பாழாய்ப்போன எட்டு வசனத்தில் ஒன்றும் உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சனம் வாசலில் சொல்வதுதான் வாயில் வந்தது: "தொட் சீன்ஸ்!" திரும்பக் காணும்வரை என்று அர்த்தம்.

அவளும் அதையே திருப்பிக் கத்தினாள். பஸ்ஸில் ஏறி, கண்ணாடிக்கு உள்ளேயிருந்து இன்னொருமுறை வாயசைத்தாள்.

வீட்டுக்கு வந்து, ஆறிப்போன தேத்தண்ணி இரண்டையும் நானே குடித்தேன்.