ஃபெஸ்டஸ் முந்திக்கொண்டு வெட்டிய வளார்

சதுப்புநிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகள்தான் எங்கள் ஊர் அடுப்புக்கு விறகு. அவற்றைக் கழுதை முதுகில் கொண்டுவரும் கூடைகளை முப்பது வருடமாக ஃபெஸ்டஸ் மானியன்தான் முடைந்தார். வில்லோ மரத்தின் வளார்களை, அதாவது நீண்ட மெல்லிய குச்சிகளை, மண்ணில் வட்டமாக நட்டு, கூடையின் வாயிலிருந்து பின்னத் தொடங்கி, அடியைக் கடைசியில் மூடுவார்.

பிறகு விதவை சபைனா ஃபோலன் முடைய ஆரம்பித்தாள். இரண்டாம் வருடம் ஒன்பது வீட்டுக்காரர்கள் ஃபெஸ்டஸின் வாசலைத் தாண்டி அவளிடம் போனார்கள்.

"அவ கூடை எடையே தெரியல, ஃபெஸ்டஸ்," என்றார் தபால்காரர் கோல்மன்.

"அப்போ தலையில கவுத்துக்கிட்டுப் போ."

சாப்பிடும்போதும் அவருக்கு அதே நினைப்பு. "அவ்வளவு சின்னக் கை. எப்படி அவ்வளவு இறுக்கிப் பின்றா?"

"அவ கையை நீ எதுக்குப் பாத்த?" என்றாள் மனைவி டீலியா.

ஏரிக்கரை வில்லோ புதர் ஊருக்கே பொது. இலையெல்லாம் உதிர்ந்தபின், நவம்பரில்தான் எல்லாரும் வெட்டுவார்கள். அந்த வருடம் செப்டம்பரிலேயே ஃபெஸ்டஸ் அரிவாளோடு போய்விட்டார். சபைனாவுக்கு ஒரு குச்சி மிஞ்சக் கூடாது. சாறு ஓடும்போது வெட்டிய வளார் காயக் காயச் சுருங்கிப் பின்னல் தளரும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து இலைகளை உருவினார்.

நவம்பரில் சபைனா வந்து மொட்டைக் கட்டைகளைப் பார்த்தாள். ஏரி நடுவே தீவிலிருக்கும் தன் அண்ணனிடம் போய், படகு நிறைய வளார் கொண்டுவந்தாள். ஃபெஸ்டஸ் அரைக்கதவில் சாய்ந்தபடி படகு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடையில் கட்டிகள் வீட்டுக்கு வரும் நாளில் அவருடைய கூடைகள் தளர்ந்துபோயின. கோல்மனின் கழுதை நடந்த பாதை முழுக்கக் கட்டிகள் சிதறிக் கிடந்தன.

"என்ன ஃபெஸ்டஸ், கோழிக்குத் தீனி போடவா பின்னின?"

மிச்சமிருந்த வீடுகளும் சபைனாவிடம் போயின. ஆகஸ்டில் டீலியாவே அவளிடம் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். ஃபெஸ்டஸ் முற்றத்தில் உட்கார்ந்து கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னலில் கட்டைவிரலை அழுத்தினார். நுழையவில்லை.

"இந்த விளிம்பு ஒரு விரற்கடை கோணல்," என்றார் கடைசியில்.

"கோணலாவே இருக்கட்டும். அடுப்புல நெருப்பில்ல."

மீதிக் கோடை முழுக்க சபைனா முடைந்த கூடைகளில்தான் கட்டி கொண்டுவந்தார். நேர்வழி சபைனா வீட்டு வாசலைத் தொட்டுப் போகும். அதனால் கழுதையை ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வருவார், இரண்டு மைல் கூடுதலாக.