கிட்டங்கியில் ஒரு பந்தி

போன வாரம் பாவூர்சத்திரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் தென்காசிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சாரல் சீசன் இன்னும் தொடங்கவில்லை. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. ஜன்னலோரம்தான் வேண்டும் என்று ஒரு கல்லூரிப் பையனிடம் வாதாடி வாங்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாங்கியதற்கு உடனே பலன் கிடைத்தது. முன்னால் போன உமி லாரிக்காரன் தார்ப்பாயை ஒப்புக்குக் கட்டியிருந்தான். காற்றில் பறந்து வந்த தூசியெல்லாம் என் சட்டைக் காலருக்குள் இறங்க, கழுத்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. இடத்தை விட்டுக்கொடுத்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

எனக்குக் கழுத்து அரித்தால் கிட்டங்கி ஞாபகம் வந்துவிடும். நெல் அடைத்து வைக்கிற பெரிய கட்டடத்தை எங்கள் பக்கத்தில் கிட்டங்கி என்போம். இப்போது எல்லாரும் குடோன் என்கிறார்கள். நான் சொல்வது இதே ரோட்டோரத்தில் இருந்த ஒரு கிட்டங்கி. அதற்கு முன்னால் சுடலைமுத்து அண்ணாச்சியின் கிளப்புக் கடை. காலையில் இட்லி, பூரி. சாயங்காலம் சுக்குக் காப்பி, பருப்பு வடை. நாள் முழுக்க டீ. நான் அப்போது ஒயர்மேன் வேலை பழகி முடித்து, இடுப்பில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிந்த காலம். மின்சாரமே என் சொல்கேட்டுத்தான் ஓடுகிறது என்று ஒரு நினைப்பு. இரண்டு முறை ஷாக் அடித்தும் அந்த நினைப்பு போகவில்லை.

அண்ணாச்சி கடையில் நீளமாக ஒரே பெஞ்சுதான். வயலுக்குப் போகிறவர், தறிக்குப் போகிறவர், லீவில் வந்திருக்கும் சவுதிக்காரர், கீழத்தெருவிலிருந்து கொத்தவேலைக்குப் போகிறவர் எல்லாரும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்துதான் டீ குடிக்க வேண்டும். சுற்றுப்பட்டில் சில கடைகளில் கீழத்தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. அண்ணாச்சி வைக்கவில்லை. கிளாஸ் கழுவியதே கீழத்தெரு பேச்சியம்மாதான். அவள் கழுவிய கிளாஸில் ஊரே டீ குடித்தது. யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றியதில்லை.

ஊரில் கல்யாண மண்டபங்கள் இல்லாமல் இல்லை. மேலத்தெருவில் ஒரு சாதிக்கு ஒன்று, நடுத்தெருவில் இன்னொரு சாதிக்கு ஒன்று. இரண்டுக்கும் வெளியே பெயர்ப்பலகையில் ‘சமுதாயக் கூடம்’ என்றுதான் எழுதியிருக்கும். எந்தச் சமுதாயம் என்பது ஊருக்குத் தெரியும். இரண்டிலும் சேராதவர்கள் தெருவில் பந்தல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் தெருவில் பந்தல் போடுவது என்பது சாரலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். ஒரு வருஷம் அப்படி ஒரு பந்தல் நனைந்து சரிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு ஓடிவந்து அண்ணாச்சி கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பெண் அழுதாள். அண்ணாச்சி இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெகுநேரம் பின்பக்கக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். இது மதினி சொன்னது. அண்ணாச்சியின் சம்சாரத்தை நாங்கள் எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம்.

கிட்டங்கி அப்போது சும்மா கிடந்தது. நெல் களத்திலிருந்து நேராக லாரியில் மில்லுக்குப் போக ஆரம்பித்தபின் அதற்கு வேலையில்லை. சொந்தக்காரர் சென்னையோடு போய்விட்டார். “என்னமும் பண்ணிக்கிடும்வே” என்று சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்திருந்தார். கருங்கல் அடித்தளம், ஆள் படுக்கலாம் போல அகலமான சுவர், ஓட்டுக் கூரை, ஜன்னலுக்குப் பதிலாக உச்சியில் மட்டும் சின்னச் சின்ன வெளிச்சத் துவாரங்கள். உள்ளே வௌவால்கள்தான் குடித்தனம்.

“டீ குடிக்க ஒரே பெஞ்சு போதுது. சோறு திங்க மட்டும் தனித்தனிக் கட்டடமாடே?” என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஊர்க்காரர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார ஓர் இடம். இதைப் பெரிய கொள்கையாகவெல்லாம் அவர் சொல்லவில்லை. டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

ஊர் கூடித்தான் வேலை நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஓடு மாற்ற மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. சுண்ணாம்பு அடிக்க கீழத்தெருக் கொத்தனார்கள் வந்தார்கள். ஃபேன்களுக்கு மட்டும் போட்டா போட்டி. எங்கள் ஊர்களில் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ ஃபேன் வாங்கிக் கொடுத்தால் றெக்கையில் ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்கள் அல்லவா? அந்த ஆசை யாரை விட்டது! அண்ணாச்சியின் சித்தப்பா மகன், மேலத்தெரு பொன்னையா முதல் ஃபேனைக் கொடுத்தார். சவுதியிலிருந்து செய்யது பாய் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு வரிசையாக வந்து இறங்கின. உத்தரம் முழுக்க இரும்புக் கொக்கி அடித்து நான்தான் மாட்டினேன். யார் பெயர் வாசலுக்கு நேரே வரவேண்டும் என்பதில் எனக்கு வந்த சிபாரிசுகள் கொஞ்சமல்ல. ஓசி டீயிலேயே வயிறு நிறைந்த நாட்கள் அவை.

முதல் விசேஷம் மேலத்தெரு வாத்தியார் பேத்திக்குக் காதுகுத்து. கிட்டங்கியைக் கழுவி, வெள்ளையடித்து, கோலம் போட்டு எல்லாம் சரியாகச் செய்தோம். உத்தரத்து இடுக்கிலும் பலகைச் சந்திலும் தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடந்த, பட்டால் அரிக்கிற நெல் சுணையை ஒருவரும் நினைக்கவில்லை. மேளம் தொடங்கியதும் நான் பெருமையாக எல்லா ஃபேனையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிட்டேன். மேலிருந்து பொன்னிறத்தில் தூசி இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலைகளுக்குள் கைகள் போயின. தாய்மாமன் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முதுகைச் சொறிந்தார். நாதஸ்வரக்காரர் பாதியில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார்.

“ஏலே சுடலை, இனிமே பந்தியில எலைக்கு ஒரு சொட்டு வேப்பெண்ணெயும் விட்டுரு!” என்றார் பொன்னையா. சபையே சிரித்தது. மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, பாய்மார் தெரு எல்லாரும் ஒரே மாதிரி சொறிந்துகொண்டு ஒரே மாதிரி சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது சுணையால் என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

மறுநாள் மதினி வேப்பிலைப் புகை போட்டு, உத்தரம் வரை தண்ணீர் அடிக்கச்சொல்லிச் சுணையை விரட்டினாள். அதற்குப்பின் கிட்டங்கிக்கு நல்ல காலம். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், செய்யது பாய் தங்கச்சி கல்யாணத்து நெய்ச்சோறு எல்லாம் அங்கேதான். கண்டக்டர்களே ‘கிட்டங்கி ஸ்டாப்’ என்று கூவ ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு விசேஷமும் முடிந்தபின் பேச்சியம்மாவும் அவள் மகள் கோமதியும் வந்து கூட்டிக் கழுவிவிட்டுப் போவார்கள். மணவறை போடும் கல் மேடையைக் கோமதி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பாள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

கோமதிக்குக் கல்யாணம் முடிவானது. ஆனியில் முகூர்த்தம்.

“எங்கன வச்சி நடத்துத?” என்று மதினி கேட்டாள்.

“எங்கன தாயி, எங்க தெருவுலதான். பந்தலப் போட்டு” என்றாள் பேச்சியம்மா, கிளாஸைக் கழுவிக்கொண்டே.

“ஆனி மாசத்துலயா? கிட்டங்கி எதுக்கு இருக்கு?”

பேச்சியம்மா நிமிரவில்லை. அவளாக ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டாள். ஊரை அவள் எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

செய்தி பரவியதும் பொன்னையாவும் சிலரும் கடைக்கு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. டீ சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள்.

“கல்யாணத்த நடத்தட்டும், வேண்டாங்கல. பந்தி மட்டும் அங்கன வேண்டாம். நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு அதே எடத்துலலா எல போடணும்? அந்தப் பாத்திரத்துலலா பொங்கணும்?”

“காதுகுத்துக்கு அவங்களும் கூடத்தான உக்காந்து சாப்பிட்டாவ?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“அது நாம கூப்பிட்டு அவங்க வந்தது. இது அவங்க கூப்பிட்டு நாம போறதுலா” என்றார் பொன்னையா.

இதைச் சொன்ன வாய் பேச்சியம்மா கழுவிவைத்த கிளாஸில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சி ஆத்திரப்படவில்லை.

“பந்தி இல்லாம கல்யாணம் உண்டாடே? வாக்குக் குடுத்தாச்சு” என்றார்.

“அப்பம் எம்பேரு போட்ட ஃபேனக் கழட்டிக் குடுத்துரு.”

“ஃபேன்ல ஒம்பேருதான் இருக்கு. காத்துலயுமா எழுதியிருக்கு?” என்று கேட்டார் அண்ணாச்சி. பொன்னையா டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு ஃபேன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கேட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நான் முடியாது என்றேன். “கழட்டிக் குடுடே. மனசில்லாதவன் காத்து நமக்கு எதுக்கு?” என்றார் அண்ணாச்சி. ஆசை ஆசையாக மாட்டியவற்றை நானே ஏணியில் ஏறி இறக்கினேன். கீழே நின்று வாங்கி, றெக்கையைத் துணியால் துடைத்துக் கொடுத்தவள் பேச்சியம்மா. தூசியோடு திருப்பிக் கொடுக்கக்கூடாதாம். சொல்லி அனுப்பாத செய்யது பாயிடம் மட்டும், அவருக்கும் வேண்டுமா என்று நானே ஆள் விட்டுக் கேட்டேன். லீவில் வந்திருந்தவர் நேரிலேயே வந்துவிட்டார். “குடுத்ததக் கேக்குததுக்கு நான் என்ன வட்டிக்கா விட்டிருக்கேன்?” என்று என்னைத்தான் திட்டினார்.

கல்யாணத்தன்று ஃபேனே தேவைப்படவில்லை. விடிந்ததிலிருந்து சாரல். மேலே துவாரங்கள் வழியாக மலைக்காற்று வந்து இலைகளைப் புரட்டியது. அண்ணாச்சியும் மதினியும் பரிமாறினார்கள். செய்யது பாய் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாத்தியார் குடையோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். மேலத்தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை. ஆக்கிய சோறு நிறைய மிஞ்சியது. கோமதி அந்தக் கல் மேடையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெறும் கொக்கிகளும் ஒரே ஒரு ஃபேனும்தான் இருந்தன.

அதற்குப்பின் கிட்டங்கியை யாரும் கேட்கவில்லை. தடை ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் டீ குடிக்க எல்லாரும் வந்தார்கள். அதே பெஞ்சு, அதே கிளாஸ். “என்ன சுடலை, மேலுக்கு எப்படி இருக்கு?” என்று பொன்னையா உடம்பை விசாரிப்பார். சண்டை போட்டிருந்தால்கூட அண்ணாச்சி தாங்கியிருப்பார். இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பேச்சியம்மா என் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். புது ஃபேன். “பேரு எழுதி மாட்டிரு தம்பி. எம்மவ கல்யாணம் நடந்த எடம்லா” என்றாள். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டேன். “எங்கன வேணும்னாலும்” என்றாள். வாசலுக்கு நேரே, பொன்னையாவின் ஃபேன் இருந்த கொக்கியில் மாட்டினேன். அந்த ஃபேனுக்குக் கீழே ஒரு இலைகூட விழவில்லை. சாயங்காலங்களில் அண்ணாச்சி மட்டும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையில் டீயோடு அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பார். “சும்மா கெடந்தா துருப்புடிச்சிரும்டே, ஓடட்டும்” என்பார்.

நான் தென்காசியில் சொந்தமாகக் கடை வைத்தபின்தான் அவர் இறந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தைச் சொந்தக்காரர்கள் முன்னால் நின்று நடத்தினார்கள். எங்கே தெரியுமா? மேலத்தெரு சமுதாயக் கூடத்தில். கிட்டங்கியில் வைக்கலாமே என்று மதினி சொல்லிப்பார்த்தாளாம். அங்கே வைத்தால் ஆள் வராது என்று பொன்னையா சொல்லிவிட்டார். நான் இலைக்கு முன் உட்கார்ந்து மேலே பார்த்தேன். நான் கழற்றிக் கொடுத்த ஃபேன்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பொன்னையாவின் பெயர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் பேச்சியம்மா நின்றாள். எழுந்துபோய்க் கூப்பிட்டேன். “நான் இங்கனயே நிக்கேன் தம்பி. நீ போயி சாப்பிடு, எல காயுது” என்றாள். நான் திரும்பிப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழத்தெருவைப் பார்த்து நடந்தாள்.

இப்போது மதினி திருப்பூரில் மகன் வீட்டில். பேச்சியம்மா இல்லை. பொன்னையாவும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது கிளப்புக் கடையும் கிட்டங்கியும் போய்விட்டன. இடிப்பதைக் கேள்விப்பட்டு ஓடினேன். எனக்கு முன்னாலேயே பழைய சாமான் லாரி வந்து போயிருந்தது. பேச்சியம்மாவின் ஃபேனைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு சமுதாயக் கூடங்களும் மாடி வைத்து, ஏசி போட்டு, பளபளவென்று நிற்கின்றன.

உமி லாரி ஒருவழியாக ஒதுங்கி வழிவிட்டது. கிட்டங்கி ஸ்டாப் என்று எந்தக் கண்டக்டரும் இப்போது கூவுவதில்லை. குத்துமதிப்பாகத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறேன். அந்தக் கல் மேடை இருந்த இடத்தின் மேலேதான் பஸ் போயிற்று என்று நினைக்கிறேன். நீ எந்தத் தெரு என்று யாரையும் கேட்காமல் அந்த வழியாக இப்போது எல்லாரும்தான் போகிறோம். உட்காரத்தான் இடமில்லை.